கல்லுப்பள்ளியும் கடைத்தெருவும்

ஹிஜ்ரி 88ஆம் ஆண்டில் உமய்யா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக்கின் ஆணையொன்று மதீனா வந்து சேர்ந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை விரிவுபடுத்த வேண்டும், அதற்காக அதனை ஒட்டியிருந்த நபித்துணைவியரின் அறைகளை இடித்து அவ்விடத்தையும் பள்ளியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஆணை. அப்போது மதீனாவின் ஆளுநராக இருந்தவர், பின்னாளில் நீதிமிக்க கலீஃபாவாகப் போற்றப்பட்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். அவ்வறைகள் பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச மட்டைகளாலும் ஆனவை. வாயில்களில் முரட்டு உரோமத் திரைகள் தொங்கின. வளரும் பருவத்தில் அவ்வறைகளுக்குள் சென்றபோது கூரையைக் கையால் தொட முடிந்தது என ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

ஆணை படிக்கப்பட்ட அன்று மதீனாவாசிகள் அழுத அழுகையைப் போல் வேறெந்நாளும் கண்டதில்லை என்று அதா அல்குராஸானீ (ரஹ்) வாயிலாக இப்னு ஸஅத் தம் ‘தபகாத்’ நூலில் பதிவு செய்கிறார். அன்று ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள் வெளியிட்ட ஆதங்கம் குறிப்பிடத்தக்கது. அவ்வறைகளை அப்படியே விட்டிருக்கலாகாதா என்று அவர்கள் வருந்தினார்கள். மதீனாவில் இனி வளரும் தலைமுறையும், தொலைவிலிருந்து வருவோரும், அல்லாஹ்வின் தூதர் தம் வாழ்நாளில் எவ்வளவு சிறியதைக் கொண்டு மனநிறைவு அடைந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். பொருள் குவிப்பதிலும் பெருமையடிப்பதிலும் மனிதருக்குள்ள ஆசை அதனால் தணிந்திருக்கும் என்பது அவர்களின் கருத்து.

இச்செய்தியைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வந்திருக்கிறோம். பள்ளியை விரிவாக்கியது தவறு என்று ஸயீத் (ரஹ்) அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. மக்கள் பெருகியிருந்தனர், இடம் தேவைப்பட்டது. ஆயினும் ஒரு கட்டடம் மறையும்போது அதனோடு சேர்ந்து மறையும் பாடம் ஒன்று உண்டு என்பதை அவர்கள் கண்டார்கள். மார்க்கச் சட்டம் அனுமதிக்கும் ஒரு செயலிலும் இழப்பு இருக்கக்கூடும் என்னும் இவ்வுண்மையை நாம் வகுப்பில் சொன்னோமேயன்றி, வாழ்வில் அதற்குரிய வேளை வந்தபோது மறந்துவிட்டோம்.

நாம் சொல்லாமல் விட்டது

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றின் ஜமாஅத்தார் நம்மிடம் வந்தனர். அவ்வூரின் பழைய கல்லுப்பள்ளி ஜும்ஆவுக்குப் போதவில்லை. அதனை இடித்துவிட்டு மூன்று மாடிகளில் புதிதாக எழுப்ப விரும்புகிறோம். இதற்கு மார்க்கத்தில் தடையுண்டா என்று கேட்டனர். தேவை மெய்யானதே. வெள்ளிக்கிழமைகளில் கடைத்தெரு வரை பாய் விரித்துத் தொழுது வந்ததை நாமும் பார்த்திருக்கிறோம். ஆகவே, தேவை இருப்பின் இடித்து விரிவாகக் கட்டுவது கூடும் என்று சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பினோம்.

ஈராண்டு கழித்துத் திறப்பு விழாவுக்குச் சென்றோம். பளிங்குத் தரையும் உயர்ந்த மினாராக்களுமாகப் புதிய பள்ளி எழுந்திருந்தது. பழைய தூண்கள் எங்கே என்று கேட்டோம். இடிப்பு வேலையை ஏற்ற ஒப்பந்தக்காரர் விலைபேசி எடுத்துச் சென்றுவிட்டதாகச் சொன்னார்கள். ஒன்று மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. கடைத்தெருவின் கோடியில், குழாயடியில், துணி துவைக்கும் கல்லாக அது கிடந்தது. மேல்முகத்தில் செதுக்கப்பட்டிருந்த கொடிவேலை பாதி தேய்ந்திருந்தது.

அன்றிரவு, நாம் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலையும் அதன் விரிவுரைகளையும் மீண்டும் புரட்டினோம். பள்ளிவாசல் ஒன்று இடிந்து, அதைத் திரும்பக் கட்ட இயலாமற் போனாலும், எந்நிலையிலும் அதை விற்கலாகாது என்பது அங்கே தெளிவாக உள்ளது. இடிந்த பள்ளியின் கல்லும் மரமும் பாதுகாக்கப்பட வேண்டும். அவற்றைக் கொண்டு வேறொரு பள்ளியைக் கட்டலாம், அருகிலுள்ள பள்ளிக்கே முன்னுரிமை. கிணறு போன்ற வேறு பொதுப்பணிக்குக்கூட அவற்றைத் திருப்பிவிடலாகாது என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். நைந்துபோன பாயையும், எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத முறிந்த மரத்தையும் விற்கலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்புடைய சொல். நூற்றாண்டுகள் நின்ற, இன்னும் நூற்றாண்டுகள் நிற்கவல்ல கற்றூண், எரிப்பதற்கு மட்டுமே உதவும் மரத்தின் இனத்தில் சேராது.

ஜமாஅத்தார் கல்லைப் பற்றி நம்மிடம் கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை. கேளாததையும் அறிந்து சொல்ல வேண்டியது ஆலிமின் கடமை. அக்கடமையில் தவறினோம். இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

கீழக்கரையில் ஒரு பகல்

சென்ற ஆண்டு கீழக்கரைக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தது. இராமநாதபுரத்திலிருந்து செல்லும் சாலையில் திருப்புல்லாணி வருகிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டொன்று, இக்கரையோரத்துப் பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகர் எழுப்பிய பள்ளிக்கு விடப்பட்ட நிலக்கொடையைக் கூறுகிறது. சோனகர் என்பது அந்நாளில் முஸ்லிம் வணிகருக்கு வழங்கிய பெயர். ஒரு பள்ளிவாசலின் கொடைச் செய்தியைக் கோயில் கல் காத்து வைத்திருக்கிறது. நம் பள்ளிகளின் கற்களை நாம் காத்தோமா என்ற கேள்வியுடனேயே ஊருக்குள் நுழைந்தோம்.

கீழக்கரை முத்தும் சங்கும் வளர்த்த ஊர். மன்னார் வளைகுடாவை நோக்கியிருப்பதால் இலங்கையோடு நெடுங்காலத் தொடர்புடையது. முஸ்லிம் பஜாரில் தொதல் வாங்கும்போதே அத்தொடர்பு நாவில் தெரிந்துவிடும். அக்கரையிலும் மலாய் நாடுகளிலும் இதே பண்டம் ஏறத்தாழ இதே பெயரில் வழங்குகிறது.

பஜாரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நடுத்தெரு ஜும்ஆ பள்ளி உள்ளது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வள்ளல் சீதக்காதி எனப் புகழ்பெற்ற ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் எழுப்பியது இது. சேதுநாட்டைக் கிழவன் சேதுபதி ஆண்ட காலம் அது. மன்னருக்கு நெருங்கிய துணையாக விளங்கியவர் சீதக்காதி. டச்சுக் கம்பெனி ஆவணங்கள் பேசும் பெரியதம்பி மரக்காயர் இவரே என்பது வரலாற்றாய்வாளர் கருத்து. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியது இவரது ஆதரவில்தான். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அறப்பணி ஆற்றிய ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களும் (1632–1703) இக்காலத்தவரே. அவர்களின் அரபுப் புலமை கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. வணிகர், அறிஞர், புலவர் மூவரும் ஓரிடத்தில் கூடிய காலத்தின் சாட்சியாக அப்பள்ளி நிற்கிறது.

உள்ளே நிற்பவை கற்றூண்கள். அவற்றின் தலையில் போதிகைகள். மேலே தட்டையான கல் தளம். சேதுநாட்டுக் கோயில் மண்டபங்களில் வேலை செய்த சிற்பியரின் உளி மரபே இங்கும் தெரிகிறது. ஆனால் உயிருருவம் ஏதும் இல்லை. பூவும் கொடியும் கோண வடிவங்களுமே உள்ளன. கல் தச்சர் தம் கைத்திறனை விட்டுவிடவில்லை. பள்ளி கட்டியோர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. இரு சமூகத்தார் ஒருவரையொருவர் மதித்து வேலை வாங்கியும் செய்தும் வாழ்ந்ததைப் பற்றி மேடைகளில் நாம் பேசும் சொற்களைவிட இத்தூண்கள் உறுதியான ஆதாரம்.

குவிமாடமும் மினாராவும் இருந்தால்தான் பள்ளி என்ற எண்ணம் நம்மிடையே அண்மைக் காலத்தில் வேரூன்றியது. சோழமண்டலக் கரையின் பழம் பள்ளிகள் பலவற்றில் அவை இல்லை. மதுரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் பழைய பள்ளிகளை அளந்து ஆராய்ந்து மெஹர்தாத் ஷுகூஹீ என்னும் கட்டடக்கலை அறிஞர் 2003ஆம் ஆண்டு பெருநூல் ஒன்றை வெளியிட்டார். வெளிநாட்டு அறிஞர் ஒருவர் வந்து அளக்கும் வரை நம் தூண்களை நாமே எண்ணிப் பார்க்கவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

இதே ஊரில் பழைய ஜும்ஆ பள்ளி எனப்படும் மற்றொரு பள்ளியும் உண்டு. அதன் தொடக்கத்தை நபிகளாரின் காலத்தோடு இணைப்பது ஊர் வழக்கு. அவ்வழக்கை நாம் மதிக்கிறோம். எனினும் வாய்மொழி வழக்கு வேறு, கல்வெட்டுச் சான்று வேறு. எம் பள்ளியே முதற்பள்ளி என்று பெருமை பேசுவதற்கு எடுத்துக்கொள்ளும் முயற்சியில் பத்தில் ஒரு பங்கை, இருக்கின்ற கற்களைப் படித்துப் பதிவு செய்வதற்கு எடுத்துக்கொண்டால் வரலாறு நமக்கு நன்றியுடையதாக இருக்கும்.

பள்ளியைச் சூழ்ந்த தெரு

பள்ளியை மட்டும் தனியே காப்பது பாதி வேலையே. சிறு நகரங்களில் பள்ளியும் கடைத்தெருவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. பள்ளிக்கு வக்ஃபு செய்யப்பட்ட சிறு கடைகளின் வாடகையில் விளக்கெரிந்தது. இமாமுக்கும் முஅத்தினுக்கும் ஊதியம் வந்தது. லுஹர் பாங்கு கேட்டதும் கடைக்காரர் குறுக்கே ஒரு கழியைச் சாத்திவிட்டுத் தொழச் செல்வார். கல்லாப்பெட்டிக்கு அண்டைக் கடைக்காரரே காவல். தொழுகை முடிந்து வரும் வழியில் கடன் பேசப்பட்டது, திருமணம் பேசப்பட்டது, பிணக்கும் தீர்ந்தது. பெரிய நகரத்து வணிக வளாகங்களில் பொருள் கிடைக்கும். இத்தகைய அறிமுகம் கிடைக்காது.

நம் ஃபிக்ஹு நூல்கள் தெருவை எத்துணைக் கருத்தோடு நோக்கின என்பதையும் இங்கே கூறவேண்டும். பொதுவழியின்மேல் மாடம் நீட்டுவோர், வழிச்செல்வோர் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் அதை அமைக்க வேண்டும். ஒட்டகக் கூட்டங்கள் செல்லும் வழியாயின், சிவிகை ஏற்றிய ஒட்டகம் தடையின்றிச் செல்லும் அளவுக்கு உயர்த்த வேண்டும் என ‘மின்ஹாஜ்’ கூறுகிறது. பொதுவழியில் திண்ணை கட்டுவதையும் மரம் நடுவதையும் அது தடுக்கிறது. மாணவர்கள் இப்பகுதியை ஒட்டகக் காலத்துச் செய்தியாகக் கருதிக் கடந்துவிடுகிறார்கள். கடைத்தெருவில் படிக்கட்டையும் தகரக் கூரையையும் விளம்பரப் பலகையையும் வழியின்மேல் நீட்டியிருக்கும் நம்மவரைக் காணும்போது, இப்பாடம் இன்றைக்கே உரியது என்பது விளங்கும். பழைய தெருவின் அழகு பெரும்பகுதி அண்டையாரின் உரிமைக்கு அஞ்சியதால் விளைந்தது.

வீடுகளின் செய்தியும் இதனோடு சேர்ந்ததே. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மணமான பெண் தாய்வீட்டை ஒட்டியே வாழ்வதும், மகளுக்கு வீடு கொடுப்பதும் வழக்கம். தாய், மகள், பேத்தி என்று வீடு பெண்வழியே வந்ததால் தெருவின் உறவும் கலையாதிருந்தது. ஆண்கள் கொழும்புக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பொருள் தேடிச் சென்றபோதும் வீட்டில் விளக்கு எரிந்தது. இன்று குடும்பமே பெயர்ந்துவிட, பூட்டிய கதவுகள் பெருகிவிட்டன. நான்கு மகளிருக்குப் பங்கான வீட்டை நான்கு அடுக்குகளாக்குவதும் இயல்பே. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. வாழும் மனிதருக்கு இடர் தந்து சுவரைக் காப்பது இஸ்லாம் காட்டும் வழியன்று.

மூன்று தடைகள்

பாதுகாப்பு என்று பேசத் தொடங்கியதும் நம்மவர் மூன்று தடைகளை முன்வைக்கின்றனர். மூன்றிலும் நியாயம் உண்டு.

முதலாவது, இடநெருக்கடி. இதற்குப் பழையதை இடிப்பது ஒன்றே தீர்வன்று. பழைய தொழுமண்டபத்தை அப்படியே நிறுத்தி, அதன் முன்னோ பக்கத்திலோ புதியதை இணைக்கலாம். இடித்தே தீரவேண்டுமாயின் கற்களை எண்ணிட்டு இறக்கிப் புதிய பள்ளியின் வராந்தாவிலேனும் நிறுத்தலாம்.

இரண்டாவது, பழம்பொருளைப் போற்றுவது வழிபாடாகத் திரிந்துவிடுமோ என்ற அச்சம். ஏகத்துவத்தில் ஊன்றிய உள்ளத்திலிருந்து எழும் அச்சம் இது; ஏளனத்துக்குரியதன்று. ஆனால் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள் அவ்வறைகளை விட்டுவைக்க விரும்பியது, மக்கள் அவற்றைத் தொட்டு வணங்குவதற்காக அன்று. கண்டு எளிமை கற்பதற்காக. நோக்கம் படிப்பினையாக இருக்கும்வரை அச்சத்துக்கு இடமில்லை. கெய்ரோவின் பழம் பள்ளிகளையும் மத்ரஸாக்களையும் காப்பதற்கென 1881ஆம் ஆண்டு அமைந்த குழு எகிப்தின் வக்ஃபுத் துறையின்கீழ்தான் இயங்கியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மாறாக, மக்காவில் உதுமானியர் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002ஆம் ஆண்டு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வானளாவிய விடுதிகள் எழுந்தன. பெருமையடித்தலைத் தணிக்கும் பாடம் அவ்விரண்டில் எதிலிருந்து கிடைக்கும் என்பதை வாசகர்களே சீர்தூக்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது, அரசு பற்றிய அச்சம். பழமையை வெளியே சொன்னால் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளும் என்று முதவல்லிகள் தயங்குகின்றனர். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பத் தடையுண்டு. கடைத்தெரு நடுவே உள்ள பள்ளிக்கு இது சிறு செய்தியன்று. பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்த சொத்தை வக்ஃபு என அறிவித்திருந்தால் அவ்வறிவிப்புச் செல்லாது என 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் கூறுவதால் அச்சம் மிகுந்துள்ளது. ஆனால் அதே சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டை மட்டும் கொண்டு இனி வக்ஃபு என நிறுவ இயலாதவாறு செய்திருக்கிறது. சட்டத்தின் சில பிரிவுகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்திவைத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், ஆவணத்தின் இன்றியமையாமை குறையப்போவதில்லை. வக்ஃபுக் கல்வெட்டும், ஆண்டு பொறித்த கதவு நிலையும், பழைய கணக்கேடும் நம் உரிமைக்குச் சாட்சிகள். அவற்றை நம் கையாலேயே உடைத்துவிட்டு, பிறகு சாட்சி இல்லையே என்று கலங்குவது அறிவுடைமையன்று. அரசிடம் ஒப்படைக்காமலேயே ஜமாஅத் தானே காக்கலாம்; அதற்கு எச்சட்டமும் தடையில்லை.

செய்யத்தக்கவை

பள்ளிகளைப் பராமரிப்போரைப் பற்றிக் குர்ஆன் பேசும் இடத்தில் வரும் ‘இமாரத்’ என்னும் கருத்துக்கு, கட்டுதல் என்பதோடு தொழுகையால் உயிர்ப்பித்தல் என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கொண்டனர். வக்ஃபின் வருவாயில் முதற்பங்கு அதன் பராமரிப்புக்கே என்பதும் ஃபகீஹுகள் வகுத்த விதி. கூரை ஒழுகும்போது சில்லறைச் செலவை ஒத்திவைத்துவிட்டு, கட்டடம் சிதைந்தபின் பெருநன்கொடை திரட்டிப் புதிதாகக் கட்டுவது இவ்விதியைத் தலைகீழாக்குவதாகும்.

பராமரிப்பிலும் அறிவு வேண்டும். சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கும். கடற்காற்றின் உப்பு உள்ளிருந்தே சுவரை அரிக்கும். பழுது பார்ப்பதும் சுண்ணாம்பாலேயே நடக்க வேண்டும். கற்றூணுக்கு எண்ணெய்ச் சாயம் அடிப்பதும், மணல் வீச்சால் சுரண்டுவதும் செதுக்கு வேலையை அழித்துவிடும். மென்மையான தூரிகையும் நல்ல தண்ணீரும் பெரும்பாலும் போதுமானவை.

இவற்றோடு மூன்று செயல்களை ஜமாஅத்துகள் முன் வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு பழைய பள்ளியிலும் உள்ள எழுத்துகளை, அரபியாயினும் தமிழாயினும் அர்வியாயினும், படமெடுத்துப் படித்து இரு படிகள் வைக்க வேண்டும். நம் அரபிக் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. இரண்டு, வக்ஃபுக் கடைகளைப் புதுப்பிக்கும்போது தெருவின் உயரத்தையும் நிழலையும் கெடுக்காமல், இருக்கும் குடிக்கூலிக்காரரை வெளியேற்றாமல் செய்ய வேண்டும். மூன்று, இடிப்பதற்கு அனுமதி கேட்டு வருவோரிடம் ஆலிம்கள் கூடும் அல்லது கூடாது என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தலாகாது. வேறு வழி தேடினீர்களா, கற்களை என்ன செய்யப்போகிறீர்கள், எழுத்துகளைப் பதிந்துவிட்டீர்களா என்று கேட்ட பிறகே பதில் கூறவேண்டும். நாம் கேளாமல் விட்ட கேள்விகள் இவை.

கீழக்கரையிலிருந்து திரும்பிய மறுமாதம், முன்பு குறிப்பிட்ட சிற்றூருக்குச் சென்றோம். ஜமாஅத்தாரைக் கூட்டி, கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டது நம் தவறு என்று ஒப்புக்கொண்டு, நூலைத் திறந்து அப்பகுதியை வாசித்துக் காட்டினோம். விற்றுப்போன தூண்கள் எங்குச் சென்றன என்று எவருக்கும் தெரியவில்லை. குழாயடியில் கிடந்த தூணை இளைஞர் நால்வர் அன்றே வண்டியிலேற்றிக் கொண்டுவந்து, கழுவி, புதிய பள்ளியின் ஹவுளுக்கு அருகே நிறுத்தினர். அதன் உயரம் புதிய கூரையின் பாதியளவுகூட இல்லை. ஒளூச் செய்ய வந்த சிறுவன் ஒருவன் தன் கையை உயர்த்தி, அதன் உச்சிக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று அளந்து பார்த்தான். முன்பிருந்த பள்ளி இவ்வளவு தாழ்வாகவா இருந்தது என்று கேட்டான். ஆம், உன் பாட்டனார்களுக்கு அது போதுமானதாக இருந்தது என்று சொன்னோம்.